பொய்யிரையைக் ‘கவர்ச்சி’ என்னலாமா?

மண்டபம் கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தபோது, அக்கா மகன் கைப்பேசியில் ஒரு தலைப்பை வாசித்தான்: ‘அடர்ந்த தாவரங்களில் பாஸ் பிடிக்க மென்மையான பிளாஸ்டிக் கவர்ச்சிகள்.’ “கவர்ச்சின்னா சினிமா சமாச்சாரமா மாமா?” என்று கேட்டான். பாஸ் ஒரு மீன். அதை ஏமாற்ற முள்ளில் மாட்டும் போலி இரையை ஆங்கிலத்தில் ‘லூர்’ என்பார்கள்; அதைத்தான் ‘கவர்ச்சி’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். இந்தச் சொல்லை எத்தனையோ முறை கேட்டுப் பொறுத்திருக்கிறேன். இனி முடியாது.

ஆங்கில ‘லூர்’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. வேட்டைக்குப் பழக்கிய வல்லூறைத் திரும்ப அழைக்க இறகுகளைக் கட்டிச் சுழற்றுவார்கள். அந்த இறகுக்கட்டுதான் லூர். வல்லூறு அதை இரை என்று நம்பி இறங்கும். பிறப்பிலேயே அது பொய்யான இரை. பொய்க்கால், பொய்முகம், பொய்ப்பல் என்று சொல்லும் நமக்குப் பொய்யிரை என்று சொல்ல என்ன தடை?

கவர்ச்சி ஒரு தன்மை. முள்ளில் மாட்டும் பொருளுக்குத் தன்மையின் பெயரை வைத்தால் ‘இரண்டு கவர்ச்சி கொடுங்கள்’ என்றுதான் கடையில் கேட்க வேண்டும். ‘ஈர்ப்பி’ என்பாரும் உண்டு, காந்தத்துக்குப் பொருந்தலாம். ‘செயற்கை இரை’ பரவாயில்லை, ஆனாலும் குறை உண்டு. செயற்கை உரம் பயிருக்கு உரம்தான், வேலை செய்யும். இதுவோ மீனின் வயிற்றை நிரப்பாது, ஏமாற்றும். அந்த ஏமாற்று சொல்லிலேயே இருக்க வேண்டும்.

சொல் தப்பினால் தேர்வும் தப்பும். கவர்ச்சி என்று படித்தவன் பளபளப்பைத் தேடுவான். பாசிக்குள் முதலில் பார்க்க வேண்டியது வடிவம். கால்கள் பல தொங்கும் இரை புல்லில் சிக்கும். ஒல்லியான புழு நழுவிப் போகும். முள்முனையைப் புழுவின் தலையில் நகக்கண் அளவு குத்தி வெளியே எடுத்து, திருப்பி, முனையை மறுபடி உடம்புக்குள்ளேயே புதைக்க வேண்டும். முன்னால் தோட்டா வடிவ ஈயம். இதுதான் டெக்சஸ் கட்டு. பாசி அடர்ந்தால் ஈயத்தின் எடையைக் கூட்ட வேண்டும். அன்று நாங்கள் முனை வெளியே தெரியப் போட்ட முள், ஒவ்வொரு முறையும் கொத்தாகத் தாழையோடுதான் (கடலடிப் புல்) வந்தது.

‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று’ என்கிறது 931ஆம் குறள். பொன் என்பது இங்கே இரும்பு; இரையால் மறைந்த தூண்டில் இரும்பு என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. முள்ளை மறைப்பதே இரையின் வேலை என்பது நமக்குப் பழைய செய்தி. பிளாஸ்டிக் புழு வந்தது 1949இல், ஓஹியோவின் ஆக்ரனில் நிக் கிரீம் வார்த்தபோது. எழுத்தில் மென்நெகிழிப் பொய்யிரை என்போம். பேச்சில் ரப்பர் புழு என்றால் போதும். அது ரப்பர் இல்லை, மென்மையாக்கிய பி.வி.சி. என்றாலும் யாருக்கும் குழப்பம் வராது.

அப்புறம் அந்தத் ‘தாவரங்கள்’. செடிநூல் பாடமா நடக்கிறது? கரையில் நிற்பவனுக்கு அது பாசி, தாழை, புல். மொழிபெயர்ப்பவர்கள் ஒரு நாள் கரைக்கு வந்து காது கொடுத்தாலே இதெல்லாம் கிடைக்கும்.

பாஸ் என்பதைக் கொடுவா என்று மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கட்டுரைகள் பேசும் பெருவாய் பாஸ் வட அமெரிக்க நன்னீர் மீன், குடும்பமே வேறு. அதைப் பாஸ் என்றே எழுதுங்கள். கொடுவா எங்கள் கடலில் பிடித்து ஏலத்துக்கு வரும் மீன். அதன் பெயரை அதற்கே விட்டுவிடுங்கள்.