மாணவர் வானொலி: மைக்கிலிருந்து ஆன்டெனா வரை

மாணவர்கள் நடத்தும் பண்பலை நிலையத்தில் ஒலி சரியில்லை என்றால், டிரான்ஸ்மிட்டருக்கு வாட் போதவில்லை என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது. பேசுபவரின் வாய்க்கும் மைக்குக்கும் நடுவிலோ, மாடிக்கு ஏறும் கேபிளிலோ இருக்கும்.

உள்ளங்கையை வாய்க்கு நேராகப் பிடித்து ‘பாட்டு’ என்று சொல்லிப் பாருங்கள். காற்று வந்து மோதும். ‘மாட்டு’ என்றால் மோதாது. மைக்கின் சவ்வில் அந்தக் காற்று பட்டால் வானொலியில் ‘டப்’ என்று கேட்கும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல், 10 முதல் 15 செ.மீ. தள்ளி, சற்றே பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் காற்று விலகிப் போய்விடும், குரல் மட்டும் பதியும். இன்னும் நெருங்கினால் அடித்தொனி வீங்கிக் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் ஆகும். விலகினால் அறையின் எதிரொலி சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது, மைக், கணினி ஒலிகளைக் கலந்து அளவைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர். டிஜிட்டல் மீட்டரில் சாதாரணப் பேச்சு மைனஸ் 18 டெசிபல் அருகே ஆட வேண்டும், சிரிப்பும் உரத்த குரலும் மைனஸ் 6-ஐத் தாண்டக் கூடாது. பூஜ்யத்தைத் தொட்டால் அலையின் முகடு வெட்டுப்படும். வெட்டுப்பட்டதைப் பிறகு எந்தக் கருவியாலும் முழுமையாக ஒட்ட முடியாது. பாடல் ஒலிக்கும் கணினியில் அறிவிப்பு ஓசைகளை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் யாருக்கோ வந்த செய்தியின் ‘டிங்’ நேயர்கள் காதுவரை போகும்.

பண்பலையில் ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப அலைவெண் நகர்கிறது. அனுமதித்த எல்லை, மையத்திலிருந்து இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸ். இரைச்சலைக் குறைக்க, கூர்மையான ஒலிகளை உயர்த்தி அனுப்பி, ரேடியோவில் அதே அளவு தாழ்த்துவது வழக்கம். அதனால் மீட்டரில் அடக்கமாகத் தெரியும் ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள்தான் இந்த எல்லையை மீறும். அந்த உயர்வையும் கணக்கில் கொண்டு ஒலியை எல்லைக்குள் அடக்கும் லிமிட்டர் டிரான்ஸ்மிட்டருக்கு முன்னால் கட்டாயம் வேண்டும். பேச்சே அதிகமுள்ள சிறு நிலையம் ஸ்டீரியோவை விட்டு மோனோவில் ஒலிபரப்புவது நல்லது என்பேன். சிக்னல் பலவீனமான இடங்களில் ஸ்டீரியோ இரைச்சலைப் பல மடங்கு கூட்டிக் காட்டும்.

இனி மாடிக்குப் போவோம். 100 வாட் டிரான்ஸ்மிட்டரோடு மெல்லிய ஆர்ஜி-58 கேபிளை 30 மீட்டர் இழுத்தால், 100 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு கேபிளிலேயே வெப்பமாகிவிடும். அரை அங்குலத் தடிப்புள்ள குறை இழப்புக் கேபிளில் அதே நீளத்துக்கு 85 வாட் போல ஆன்டெனாவைச் சேரும். டிரான்ஸ்மிட்டரை மாற்றும் முன் கேபிளை மாற்றுங்கள்.

உயரமும் அப்படித்தான். பண்பலை அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். ஆன்டெனா உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அடிவானம் வரையிலான தூரம் கி.மீ.-இல் கிடைக்கும். 10 மீட்டருக்கு 13 கி.மீ., 30 மீட்டருக்கு 22 கி.மீ. சொச்சம். வாட்டைக் கூட்டித் தூரத்தை இரட்டிப்பாக்க, தடையே இல்லாத வெளியில்கூட நான்கு மடங்கு வாட் தேவை. ஆனால் உயரத்துக்கும் வாட்டுக்கும் உரிமத்தில் சொன்ன வரம்பே எல்லை.

மழைக்குப் பிறகு ஒலிபரப்பு மங்கினால் கனெக்டரில் நீர் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். நீர் புகுந்தால் மின்சக்தி ஆன்டெனாவுக்குப் போகாமல் திரும்பி வரும். எவ்வளவு திரும்புகிறது என்பதைக் காட்டும் அளவு எஸ்டபிள்யூஆர். அது 1.5 என்றால் திரும்புவது 4 சதவீதம், 3 ஆனால் 25 சதவீதம். அப்போது டிரான்ஸ்மிட்டர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வாட்டைக் குறைக்கும். கனெக்டரைத் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றி மூடி, கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

தேர்வுக் காலத்தில் நிலையத்தில் ஆள் இருக்காது. 30 விநாடி மௌனம் நீடித்தால் மாற்று ஒலிப்பட்டியலை ஓடவிடும் மௌன உணர்வியை வைத்துவிடுங்கள். அதை மிக்சரின் வெளியீட்டில் மட்டும் மாட்டினால் டிரான்ஸ்மிட்டர் நின்றது தெரியாது. சாதாரண எஃப்எம் ரேடியோ ஒன்றின் வெளியீட்டில் இன்னோர் உணர்வியை இணைத்து, அதன் எச்சரிக்கை பொறுப்பாளரின் கைபேசிக்குப் போகும்படி செய்யுங்கள்.