டெய்லி டிரைவர்: ஓட்டுகிற ஆளா, ஓடுகிற வண்டியா?

அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் இருக்கும் அண்ணன் மகன் ஒருநாள் போனில், "சித்தப்பா, லீஸ் முடியுது. அடுத்து யூஸ்டுல ஒரு ஃபன் டெய்லி டிரைவர் பாக்கணும்" என்றான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "எதுக்குடா உனக்கு டெய்லி டிரைவர்? கை கால் நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஊரில் டிரைவர் என்றால் ஆள்தான். கல்யாணத்துக்குப் போய்வர ஒருநாள் கூப்பிட்டால் ஆக்டிங் டிரைவர். அந்தக் கணக்கில் டெய்லி டிரைவர் என்பவர் தினக்கூலிக்கு வருகிறவராகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் அமெரிக்கக் கார்ப்பிரியர்கள் பேச்சில் அது ஆளைக் குறிப்பதில்லை, வண்டியைக் குறிக்கிறது. வீட்டில் இரண்டு மூன்று வண்டி வைத்திருப்பவர், ஞாயிற்றுக்கிழமை வெயிலில் மட்டும் வெளியே எடுக்கும் பழைய அழகி ஒன்றை ஷெட்டில் போர்த்தி வைத்திருப்பார். வேலைக்குப் போக, பால் வாங்க, பிள்ளையைப் பள்ளியில் விட, மழையிலும் பனியிலும் எடுப்பது இன்னொரு வண்டி. அந்த இன்னொன்றுதான் டெய்லி டிரைவர். இருப்பதே ஒரு வண்டி என்றாலும் இப்போது அதையும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஓட்டப்படுகிற பொருளுக்கு ஓட்டுகிறவரின் பெயரா என்று முதலில் எனக்கும் கோணலாகத்தான் பட்டது. அப்புறம் தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. 'செயப்படுபொருளைச் செய்தது போலத் தொழிற்படக் கிளத்தலும் வழக்கியல் மரபே' என்கிறது சொல்லதிகாரம். செய்யப்படும் பொருளையே செய்கிற ஆள் போல ஆக்கிப் பேசுவதும் மக்கள் வழக்குதான் என்று பொருள். உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் 'திண்ணை மெழுகிற்று'. திண்ணை தன்னைத் தானே மெழுகிக்கொள்ளுமா? மெழுகியது யாரோ ஒரு அம்மா. ஆனாலும் அப்படிச் சொல்கிறோம். "கடை இன்னும் திறக்கலையே" என்று இன்று காலைகூட நான் சொன்னேன். கடை எதைத் திறக்கும்? அமெரிக்கர்கள் வண்டிக்கு டிரைவர் என்று பெயர் வைத்ததும் ஏறக்குறைய இதே வேலைதான். இதை அண்ணனிடம் விளக்கினேன். அவர் மறுபடி வெண்டைக்காயை எடுத்துக்கொண்டார்.

டிரைவ் என்ற வினையும் நமக்கு அந்நியமில்லை. பழைய ஆங்கிலத்தில் அது ஆடுமாடுகளை முன்னே விரட்டிக்கொண்டு போவதைக் குறித்த சொல். நம் 'ஓட்டு'ம் அதே வழியில் வந்ததுதான். ஓடு என்பதன் பிறவினை ஓட்டு. மாட்டை ஓட்டிக்கொண்டு போனோம், பிறகு வண்டியை ஓட்டினோம், இப்போது காரை ஓட்டுகிறோம். இரண்டு மொழியிலும் மேய்ச்சல் காட்டிலிருந்துதான் சொல் சாலைக்கு வந்திருக்கிறது.

சரி, டெய்லி டிரைவரைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'தினசரி ஓட்டுநர்' என்று எழுதினால் அண்ணன் கேட்டதுதான் பொருளாகும். 'அன்றாட வண்டி' தவறில்லை, ஆனால் அறிக்கையில் வருவது போல உப்புச்சப்பில்லாமல் இருக்கிறது. நம் வீடுகளில் இதற்கு நல்ல சொல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பரணில் ஏற்றி வைத்த பித்தளை அண்டா வேறு, அடுப்பங்கரையில் புழங்குகிற பாத்திரம் வேறு. 'இது புழக்கத்துக்கு' என்று தனியே எடுத்து வைப்பார்கள். அப்படிப் பார்த்தால் டெய்லி டிரைவர் என்பது புழக்க வண்டி.

இந்தப் புழக்கம் வெறும் பயன்பாடு இல்லை. பணப்புழக்கம் என்றால் பணம் கைக்குக் கை போய்வருவது. ஆள் புழக்கம் இல்லாத தெரு என்றால் மனிதர்கள் வந்துபோகாத தெரு. ஒரு குடும்பத்தோடு புழங்குவது என்றால் அவர்கள் வீட்டு உள்கட்டு வரை போய்வருகிற உரிமை. ஒலியிலும் பொருளிலும் பழக்கத்தின் பக்கத்திலேயே நிற்கும் சொல். (புழக்கடையை மட்டும் இதோடு சேர்த்துவிட வேண்டாம். அது புழைக்கடை, புழை என்றால் சிறிய வாசல்.) கீறல் விழுந்தால் விழட்டும் என்று தைரியமாகத் தொட்டு எடுக்கிற நெருக்கம் புழக்கத்தில் இருக்கிறது. அந்த நெருக்கம் லீஸ் வண்டியில் வராது என்பதுதான் அண்ணன் மகனின் குறை.

லீஸ் என்ற சொல்லின் கதை வேடிக்கையானது. லத்தீனில் 'தளர்த்து' என்று பொருள்படும் லக்ஸாரே, பழைய பிரெஞ்சில் 'விட்டுவிடு' என்று ஆகி, அங்கிருந்து ஆங்கிலச் சட்டத்துக்குள் வந்து லீஸ் ஆனது. ரிலாக்ஸ் என்ற சொல்லுக்கும் அதே பாட்டிதான். உரிமையாளர் தன் பிடியைக் கொஞ்சம் தளர்த்தி இன்னொருவரை அனுபவிக்க விடுகிறார், அவ்வளவுதான். ஆனால் ஊர் ஊராகப் போனதும் இந்தச் சொல்லின் பொருளே மாறிவிட்டது.

சென்னையில் 'வீடு லீஸுக்கு' என்று பலகை தொங்கினால், ஐந்தோ பத்தோ லட்சத்தை மொத்தமாகக் கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருந்து, போகும்போது கொடுத்த பணத்தை அப்படியே திரும்ப வாங்கிக்கொள்வது. இது லீஸே இல்லை. இதற்குச் சரியான பெயர் ஒத்தி, அல்லது போக்கியம். ஒத்தியின் எழுத்து வடிவம் ஒற்றி. காற்று காத்து ஆனது போல ஒற்றி ஒத்தியானது. எவ்வளவு பழைய சொல் என்றால், கண் பார்வையை இழந்த சுந்தரர் திருவாரூர் இறைவனிடம் 'விற்றுக்கொள்வீர் ஒற்றி அல்லேன்' என்று சண்டைக்கு நிற்கிறார். என்னை நீர் விற்கவும் செய்யலாம், அடகாக வந்தவன் இல்லை, விரும்பி ஆட்பட்டவன் என்கிறார். இலங்கையில் 'லீசிங்' என்பது இன்னொன்று. ஆட்டோவோ வேனோ எடுத்து மாதாமாதம் கட்டி, கட்டி முடித்ததும் வாகனம் கட்டியவர் கைக்கே வந்துவிடும். நம் பேச்சில் அது தவணை.

அமெரிக்கக் கார் லீஸ் இந்த இரண்டும் இல்லை. அதற்குப் பொருத்தமான சொல் குத்தகைதான். கன்னடத்தில் குத்திகெ, தெலுங்கில் குத்த என்று அக்கம்பக்கத்திலும் வழங்குகிற சொல். நிலத்தை வாரத்துக்கு விட்டால் விளைந்ததில் பங்கு. குத்தகைக்கு விட்டால் விளைந்தாலும் காய்ந்தாலும் பேசிய அளவை அளந்தாக வேண்டும். கார் குத்தகையும் அப்படியே. பொதுவாக 36 மாதம், ஆண்டுக்கு 10,000 அல்லது 12,000 மைல் என்று பேசிக்கொள்வார்கள். கூடுதலாக ஓடினால் மைலுக்கு இவ்வளவு சென்ட் என்று தண்டம். குறைவாக ஓடினால் திருப்பித் தரமாட்டார்கள். இவன் 36,000 மைலுக்குப் பேசி 31,000 மைல்தான் ஓட்டியிருந்தான். 5,000 மைல் தரிசாகக் கிடந்தது.

மாதத் தொகை எப்படி வருகிறது என்று கேட்டேன். ஒரு உதாரணம் போட்டுக் காட்டினான். காரின் விலை 30,000 டாலர். மூன்று வருடம் கழித்து 18,000 டாலர் பெறும் என்று முதல்நாளே எழுதிவிடுவார்கள். நடுவில் குறைகிற 12,000 டாலரை 36 ஆல் வகுத்தால் மாதம் 333. இது தேய்மானம். நகைக்குச் சேதாரம் மாதிரி, காருக்குத் தேய்மானம். இதற்கு மேல் வட்டி உண்டு, ஆனால் வட்டி என்று சொல்லமாட்டார்கள். 0.0025 என்று ஒரு குட்டி எண் இருக்கும். அதை 2,400 ஆல் பெருக்கினால்தான் ஆண்டுக்கு 6 சதவீதம் என்ற உண்மை வெளியே வரும். 30,000ஐயும் 18,000ஐயும் கூட்டி அந்தக் குட்டி எண்ணால் பெருக்கினால் மாதம் 120. ஆக 453, வரி தனி. நம் ஊர்க் கந்துவட்டிக்காரர்கள் இந்தக் கணக்கைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

அந்த 18,000 டாலருக்கு அங்கே 'ரெசிடுவல்' என்று பெயர். எல்லாம் போன பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பது என்பது லத்தீன் பொருள். மிச்ச மதிப்பு என்றால் நமக்குப் போதும். குத்தகை முடியும்போது வண்டியைத் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது மிச்ச மதிப்பைக் கட்டி அதே வண்டியை வாங்கிக்கொள்ளலாம். 2021, 2022இல் புதுக் கார்களுக்கான சிப் தட்டுப்பாட்டால் பழைய கார் விலை எகிறியபோது மூன்று வருடம் முன்பு எழுதிய மிச்ச மதிப்பு சந்தை விலையைவிடக் குறைவாக இருந்தது. பலர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். இவனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. சந்தையில் அதே வண்டி மலிவாகவே கிடைத்தது. திருப்பிக் கொடுப்பதற்கு முந்தைய இரவு, கதவில் விழுந்திருந்த சிறு நசுங்கல் மேல் ஒரு ஏடிஎம் கார்டை வைத்து வைத்துப் பார்த்தானாம். கார்டு மறைக்கிற அளவுக்குள் இருந்தால் சாதாரணத் தேய்வு, மீறினால் காசு. மூன்று வருடமாக அந்த வண்டிக்குள் பிள்ளைக்கு ஒரு முறுக்குகூடக் கொடுத்ததில்லை என்றான்.

அடுத்தது 'யூஸ்டு'. விளம்பரங்களில் 'பயன்படுத்திய கார்கள்' என்று போடுகிறார்கள். இலங்கையில் 'பாவித்த வாகனம்'. பேச்சில் நாம் 'செகண்ட்ஸ்ல எடுத்தது' என்போம். எனக்குப் பிடித்தது 'கைமாறிய வண்டி'. எத்தனை கை என்று அடுத்த கேள்வி தானாக வந்துவிடும். அங்கே கார் வியாபாரி விற்கிற பழைய வண்டியின் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்க வேண்டும் என்று சட்டம். வாரண்டி உண்டா, அல்லது உள்ளது உள்ளபடி விற்பனையா என்று அதில் கட்டத்தில் குறியிட்டிருக்கும். 'உள்ளது உள்ளபடி' என்ற இரண்டு சொல்லில் வியாபாரியின் பொறுப்பு பெரும்பாலும் கழன்றுவிடும்.

ஒரு கடையில் பளபளவென்று நின்ற வண்டிக்கு 'டயர் எல்லாம் புதுசு' என்றிருக்கிறார்கள். இவன் குனிந்து டயரின் பக்கச் சுவரில் பதித்திருந்த கடைசி நான்கு எண்களைப் படித்தான். 2316. அதாவது 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் வார்த்த டயர். கறுப்பு மெழுகு தடவிப் புதிதாக்கியிருக்கிறார்கள். அப்புறம் போன் வெளிச்சத்தில் வண்டியின் அடியைப் பார்த்தானாம். பனிக்காலத்தில் ஒஹையோ சாலைகளில் பனி உருக உப்பு தூவுவார்கள். அடித்தகடு துருவேறி, பொரிச்ச அப்பளம் மாதிரி இருந்தது என்றான். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டான்.

கடைசியில் 'ஃபன்'. இதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. வேடிக்கை என்றால் பார்ப்பது. கேளிக்கை என்றதும் வரி நினைவுக்கு வருகிறது. ஜாலி ஆங்கிலத்திலிருந்தும் குஷி பாரசீகத்திலிருந்தும் வந்தவை. சொகுசு என்றால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு; இவன் கேட்பது ஸ்டியரிங் பிடிப்பவருக்கான இன்பம். ஒருநாள் திடீரென்று உறைத்தது. மகிழுந்து! காருக்குத் தமிழில் வைத்த பெயரிலேயே அது இருக்கிறது. மகிழ்ந்து ஓட்டுகிறோமோ இல்லையோ, எல்லாக் காருக்கும் அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டோம். மாத்திரை டப்பா மாதிரி ஓடுகிற வண்டிக்கெல்லாம் 'மகிழுந்து' என்பது கொஞ்சம் அதிகம்தான். பேச்சில் நான் 'ஓட்ட ருசியான வண்டி' என்பேன்.

ருசியான புழக்க வண்டி என்று தேடினால் அந்த ஊரில் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். மஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டா, 1989இல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமானது. இப்போதைய தலைமுறை ஒரு டன்னைச் சற்றே தாண்டும் எடை, எஞ்சின் விசை பின்சக்கரங்களுக்குப் போகும், திறந்த கூரை. ஆனால் இரண்டே இருக்கை. பிள்ளை இருக்கையை எங்கே வைப்பது? சுபாரு பிஆர்இசட்டில் பின்னிருக்கை உண்டு, பையை வைக்கலாம், பாட்டியை உட்காரவைக்க முடியாது. ஹோண்டா சிவிக் எஸ்ஐ நல்ல பொருத்தம்: 2017 முதல் 2020 வரை வந்தது 205 குதிரைத்திறன், கியர் வண்டி மட்டும்தான், ஆட்டோமேட்டிக் கிடையாது. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ 1976 முதல் இருக்கும் வம்சம். வெளியிலிருந்து பார்த்தால் சாதுவான குடும்பக் கார், பின்கதவைத் தூக்கினால் மளிகை மூட்டையே போகும்.

அவன் கோல்ஃபை எடுத்தான், 2019 மாடல், ஒரே கை மாறியது, கியர் வண்டி. முதல் வாரம் தடுமாறியிருக்கிறான். மதுரையில் இடது கையால் கியர் போட்டுப் பழகியவன். அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், கியர் வலது கைக்கு வரும். சிக்னலில் நின்றபோதெல்லாம் இடது கை தானாகப் போய்க் கதவில் இடித்துக்கொண்டதாம்.

போன வாரம் பேசும்போது, பின்சீட்டில் பிள்ளை புளியோதரைப் பொட்டலத்தைக் கவிழ்த்துவிட்டதாகச் சொன்னான். எண்ணெய்க் கறை போகவில்லையாம், கண்ணாடியை இறக்கினாலும் பெருங்காய வாசனை போகவில்லையாம். "போய்த் துடைடா" என்றார் அண்ணன். "விடுங்கப்பா," என்றான், "நம்ம வண்டிதானே."