பிள்ளை தனியாகப் போகிற தூரம்

“டாக்டர், நாவலூரில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். நீச்சல் குளம், டென்னிஸ் மைதானம், சுற்றிலும் மரங்கள். இவளுக்கு நல்லதுதானே?” ஊசி போட்ட கையைப் பிடித்துக்கொண்டு அழுத நான்கு வயது மகளை மடியில் வைத்தபடி ஓர் அப்பா போன மாதம் கேட்டார். பக்கத்தில் அவர் மனைவி, கட்டிட நிறுவனம் கொடுத்த வழவழப்பான விளம்பரப் புத்தகத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து என் மேஜை மேல் வைத்தார். இருமல் மருந்து எழுதுகிற கை, ஊரையும் எழுதிக் கொடுத்துவிடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நான் காலையில் சென்னை நகருக்குள் மயிலாப்பூரிலும், வாரத்தில் மூன்று மாலை நாவலூருக்குப் போகிற வழியில் புறநகரான சோழிங்கநல்லூரிலும் உட்காருகிற குழந்தை மருத்துவர். அதனால் ஒரே நாளில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் பார்த்துவிடுகிறேன். (கணக்குப்படி சோழிங்கநல்லூர் 2011 முதல் மாநகராட்சிக்குள்தான் இருக்கிறது. செம்மஞ்சேரியைத் தாண்டினால் செங்கல்பட்டு மாவட்டம். ஆனால் யாரும் அந்தக் கணக்கில் பேசுவதில்லை. “சிட்டிக்குப் போகிறோம்” என்றுதான் அங்கிருப்பவர்கள் சொல்கிறார்கள்.) சளி, காய்ச்சல், வீசிங் எல்லாம் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே வாகனப் புகை, அங்கே கட்டிட வேலைத் தூசி. வித்தியாசம் தெரிவது வேறோர் இடத்தில்.

அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களை மாற்றியும் கலந்தும் சொல்கிறேன். பன்னிரண்டு வயதுப் பையன். சிறுசேரிப் பக்கம் பதினெட்டு மாடிக் குடியிருப்பு. ஆறு மாதமாக வயிற்று வலி. ஸ்கேன், ரத்தம், மலம் எல்லாம் பார்த்தாகிவிட்டது, எதிலும் குறையில்லை. வலி வருவது திங்கள் முதல் வெள்ளி வரை, காலையில் மட்டும். அவன் ஒரு நாளை எழுதித் தரச் சொன்னேன். ஐந்தரைக்கு எழுகிறான். ஆறரைக்கு வேன். வீடு மாறியபோது “நல்ல ஸ்கூல், விடக் கூடாது” என்று பழைய பள்ளியையே வைத்துக்கொண்டார்கள்; அது அடையாறில் இருக்கிறது. மெட்ரோ வேலையில் சாலை குறுகிய பிறகு திரும்பி வர ஐந்தைத் தாண்டிவிடுகிறது. பிறகு டென்னிஸ், கணக்கு டியூஷன். அம்மாவுக்கு வேலை கிண்டியில், அப்பாவுக்கு அம்பத்தூரில். அப்பா வீட்டுக்கு வரும்போது பையன் தூங்கியிருப்பான்.

“கடைசியாக எப்போது தனியாகக் கடைக்குப் போனாய், தம்பி?” என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தான். “கேட் வரைக்கும் போயிருக்கிறேன். பார்சல் வாங்க.”

அன்று மாலை மயிலாப்பூருக்குத் திரும்பும்போது, காலையில் வந்த பத்து வயதுப் பெண் நினைவுக்கு வந்தாள். மாட வீதிக்குப் பின்னால் இரண்டு அறைப் போர்ஷன். பாட்டி கொத்தமல்லி வாங்கி வரச் சொல்வாள், கடைக்காரர் மீதிச் சில்லறையோடு “பாட்டிக்குக் கால் வலி எப்படி?” என்ற விசாரணையையும் கொடுத்தனுப்புவார். நூலகத்துக்கும் பாட்டு வகுப்புக்கும் அவளே போய்வருகிறாள். இதைக் கேட்டதும் மயிலாப்பூர் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் என்னிடம் வந்ததே, நடைபாதையை மறித்து நிறுத்திய காரைச் சுற்றிச் சாலையில் இறங்கியபோது ஸ்கூட்டர் இடித்து முன்கை எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடுதான். அந்த வீட்டில் பகலிலும் விளக்கு எரிய வேண்டும். ஓடி விளையாட ஓர் அடி இடம் கிடையாது.

சூனியா லூதர் என்ற உளவியலாளர், தில்லியில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர், 1990களின் இறுதியில் கனெக்டிகட் மாநிலத்தில் நகரின் ஏழைப் பிள்ளைகளையும் வசதியான புறநகர்ப் பிள்ளைகளையும் ஒப்பிட்டார். ஏழைப் பிள்ளைகளின் சிக்கலை அளக்க, வசதியானவர்களை ஒரு அளவுகோலாகத்தான் எடுத்துக்கொண்டார். போதைப் பழக்கமும் மனப்பதற்றமும் புறநகர்ப் பிள்ளைகளிடம்தான் அதிகமாக இருந்தன. பின்னால் அவர் முக்கியமாகச் சுட்டிய காரணங்கள் இரண்டு: சாதித்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி, பெற்றோரிடமிருந்து விலகிப்போன வாழ்க்கை. அந்த ஊர் வேறு, சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி வழியாகப் போகிற நம் ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) வேறு, அப்படியே எடுத்து ஒட்ட மாட்டேன். ஆனால் அந்த இரண்டு காரணங்களையும் வாரம் மூன்று மாலை நேரில் பார்க்கிறேன். எங்கள் பக்கம் அவை வயிற்று வலியாகவும் தூக்கமின்மையாகவும் வருகின்றன.

சோழிங்கநல்லூரில் கிளினிக்குக்கு வெளியே நின்றால் இன்னொன்றும் தெரியும். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் கொண்டுபோய் வைத்த கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எல்லாம் அதே வட்டாரத்தில்தான் இருக்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பின் மதிலுக்குள் வளரும் பிள்ளைக்கு அந்தப் பிள்ளைகளின் பெயர் ஒன்றுகூடத் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லோருடைய அப்பாவுக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம். அங்கே ஒரு பையன் விடுமுறைக்குச் சிங்கப்பூர் போகாமலிருந்தால் அது ஒரு குறையாகிவிடுகிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு, ஊருக்குள்ளேயே வீடு வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. வாங்க அவர்களுக்குப் பணம் வேண்டாமா? தவிரவும், கணவனும் மனைவியும் சிறுசேரியிலேயே வேலை பார்த்து, பள்ளியும் பத்து நிமிடத்தில் இருந்தால் அந்தப் புறநகர் தங்கமான இடம். இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வீட்டில் இருக்கிற குடும்பங்களை அங்கேயும் பார்க்கிறேன்; அந்தப் பிள்ளைகள் என்னிடம் காய்ச்சலுக்குத்தான் வருகிறார்கள். வீடு ஒரு மூலை, பள்ளி ஒரு மூலை, வேலை ஒரு மூலை என்று ஆகும்போதுதான் முறிகிறது. அந்த முக்கோணத்தின் நீளத்தைப் பிள்ளை தன் தூக்கத்திலிருந்து கட்டுகிறது.

வயதும் ஒரு விஷயம். நான்கு வயதுக்கு மதிலுக்குள் வண்டி வராத புல்தரை அருமையானது. பதிமூன்று வயதில் அதே மதில் இடிக்கும். அப்போது பிள்ளைக்கு வேண்டியது பஸ் நிறுத்தமும், கையில் ஐம்பது ரூபாயும், போய்வரத் தெரிந்த நான்கு தெருக்களும். வீட்டுக் கடன் இருபது வருடம். பிள்ளைக்கு நான்கு வயது ஒரே ஒரு வருடம்தான்.

விற்பனைக்காரர்கள் ஞாயிறு பதினோரு மணிக்குக் காபி கொடுத்து வீட்டைக் காட்டுவார்கள். வேலை நாளில் காலை ஆறரைக்கு ஒருமுறையும் இரவு எட்டுக்கு ஒருமுறையும் நீங்களே போங்கள். மாலை ஐந்தரைக்கு விளையாட்டுத் திடலில் உட்கார்ந்து, கோச் இல்லாமல் எத்தனை பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று எண்ணுங்கள். “பந்து விளையாடக் கூடாது” என்ற அசோசியேஷன் பலகை தொங்கினால் நீச்சல் குளத்தை நம்பாதீர்கள். ஊருக்குள் பார்ப்பவர்கள் பெரிய சாலையைக் கடக்காமல் பூங்காவுக்கு வழி இருக்கிறதா என்று நடந்தே பாருங்கள்.

இரவில் குழந்தைகளுக்கான அவசர சிகிச்சை எங்கே கிடைக்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் ஒன்பதாவது மாடியிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். மின்சாரம் இல்லை, லிஃப்ட் இல்லை, கீழே தண்ணீர், மூச்சிரைப்புள்ள மகனுக்கு நெபுலைசர் ஓடவில்லை. நல்லவேளையாக ஸ்பேசரோடு (மருந்தை உள்ளிழுக்க உதவும் குழாய்) இன்ஹேலர் வீட்டில் இருந்தது. அதற்கு மின்சாரம் தேவையில்லை. எத்தனை பஃப், எவ்வளவு இடைவெளி என்று போனிலேயே சொல்லிச் சமாளித்தோம். வீசிங் உள்ள பிள்ளை எங்கே இருந்தாலும் அந்த இன்ஹேலரும் ஸ்பேசரும் வீட்டில் இருக்கட்டும்.

வயிற்று வலிப் பையனின் வீட்டார் வீட்டை விற்கவில்லை; பக்கத்துப் பள்ளிக்கு மாற்றினார்கள். இப்போது ஏழு மணி வரை தூங்குகிறான். வலி குறைந்திருக்கிறது, பரீட்சை நாட்களில் எட்டிப் பார்க்கிறது.

நாவலூர்த் தம்பதியிடம் விளம்பரப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன். “அங்கே போனால் நீங்கள் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீர்கள்?”

“எட்டரை ஆகும் டாக்டர்,” என்றார் அவர்.

மனைவி மகளின் செருப்பு வாரை மாட்டிக்கொண்டே, தலை நிமிராமல், “பத்து,” என்றார்.