பழைய ரிவால்வர் பெட்டியும் வெள்ளைப் பொடியும்

பழைய ரிவால்வர் பெட்டியைத் திறந்தால் எல்லார் கண்ணும் துப்பாக்கி மேல்தான் போகும். பழம்பொருள் பராமரிப்பு வேலையில் இருக்கும் நான் முதலில் பார்ப்பது ஈயக் குண்டுகள் கிடக்கும் சின்ன அறையைத்தான்.

1850களில் கோல்ட், ஆடம்ஸ் நிறுவனங்கள் செய்த ரிவால்வர்களில் கருமருந்து, குண்டு, கேப் (துப்பாக்கியின் சுத்தியல் அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன உலோக மூடி) மூன்றையும் தனித்தனியாகப் போட வேண்டும். அதற்காகத்தான் பெட்டிக்குள் மருந்துக் குடுவை, குண்டு வார்க்கும் அச்சு, கேப் டப்பா என்று இத்தனை அறைகள். பெட்டி ஓக் மரமாக இருந்தால் அந்த மரம் அசிட்டிக் அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். மூடிக் கிடக்கும் பெட்டிக்குள் அது ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கிவிடும். அது ஈய கார்பனேட், நச்சுப் பொருள். தூசிதானே என்று வாயால் ஊதிவிடுகிறார்கள்! ஊதவும் வேண்டாம், தூரிகையால் தட்டவும் வேண்டாம். கையுறை போட்டுக் குண்டுகளை எடுத்துத் தனிப் பையில் மூடி வையுங்கள், அப்புறம் கையை நன்றாகக் கழுவுங்கள். துணியில் ஒட்டிய பொடியை இந்த வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

கேப் டப்பா துருப்பிடித்து இறுகியிருந்தால் நெம்பித் திறக்காதீர்கள். அந்தக் காலக் கேப்களில் பாதரச ஃபுல்மினேட் இருக்கும். இடித்தாலோ உரசினாலோ வெடிக்கக் கூடியது அது.

துப்பாக்கிக்கு வருவோம். கேப் இல்லை என்பதால் சிலிண்டரில் மருந்தும் குண்டும் போடும் அறை காலி என்று ஆகிவிடாது. ஈரம் படாத கருமருந்து நூற்றைம்பது வருடம் கழித்தும் பற்றும். குண்டு இருக்கிறதா என்று குழல் முனையில் கண்ணை வைத்துப் பார்ப்பவர்களை என்ன சொல்வது? சுத்தியலையும் இழுத்துப் பார்க்க வேண்டாம். பழைய ஆயுதம் தெரிந்த ஒருவர் சோதித்த பிறகு கையில் எடுங்கள்.

இன்னொன்று, பெட்டியின் உள்துணியைப் புதிதாக மாற்றிவிடாதீர்கள், பெட்டி அசலா என்று பார்க்க அது உதவும். எழுதுபொருள் பெட்டிக்குள் தடுப்பு அடித்து ‘அசல் பெட்டி’ என்று விற்பவர்கள் உண்டு. இங்கிலாந்துப் பெட்டிகளில் பெரும்பாலும் பச்சைக் கம்பளித் துணியும் நேரான தடுப்புகளும் இருக்கும். சிலிண்டரும் சுத்தியலும் பல வருடம் அழுத்திய தடம் அந்தத் துணியில் பதிந்திருக்கும். ரிவால்வரை வைத்துப் பார்த்தால் தடமும் உருவமும் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் இரண்டும் வேறு வேறு இடத்திலிருந்து வந்து சேர்ந்திருக்கலாம். கோல்ட் என்றால் சட்டகம், குழல், சிலிண்டர் ஆகியவற்றின் வரிசை எண்களையும் ஒப்பிடுங்கள். பளபளப்பாகத் தேய்த்த துப்பாக்கியில் எண்களும் சிலிண்டரின் செதுக்கலும் மழுங்கிப் போயிருக்கும். அதற்கு அதிக விலை கேட்பதுதான் எனக்கு எரிச்சல்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் 1898 வரை தயாரானவற்றைப் பழம்பொருளாகக் கருதுகிறது. அங்கேயே மாநில விதிகள் மாறுபடும். பணம் கொடுக்கும் முன் உங்கள் ஊர் உரிம அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.