பழைய செயின்சாவ உயிர்ப்பிக்கணும்னா முதல்ல காத்து எங்க கசியுதுன்னு பாருங்க

50, 60 வருஷம் பழைய செயின்சா, அதாவது மரம் அறுக்கற பெட்ரோல் ரம்பம், ஒண்ணு கைக்கு வந்தா எல்லாரும் முதல்ல பண்றது கயித்தப் புடிச்சு இழுக்கறதுதான். தயவுசெஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க. உள்ள துரு இருக்கலாம், மண்ணு இருக்கலாம், ரிங்கு ஒட்டியிருக்கலாம். மொதல்ல பிளக்கக் கழட்டி ரெண்டு சொட்டு ஆயில் விட்டுட்டு, சைலன்சரக் கழட்டி அந்த ஓட்டை வழியா டார்ச் அடிச்சு பிஸ்டனப் பாருங்க. மேலேருந்து கீழ கோடு கோடா கீறல் இருந்தா அந்த மெஷின் ஏற்கனவே சூடாகி ஒரு தடவ பிஸ்டன் சிலிண்டரோட இறுகிப் பிடிச்சிருக்கு. வெறும் பிஸ்டன மட்டும் மாத்திட்டு ஓட்டினா புதுசும் அதே மாதிரிதான் போகும், ஏன்னா பிஸ்டன் அடி வாங்கினதுக்கு காரணம் பெரும்பாலும் வேற எங்கயோ இருக்கு.

அது எங்கன்னு புரியணும்னா டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எப்படி மூச்சு விடுதுன்னு தெரியணும். இதுல பிஸ்டனுக்கு மேல எரியுது, கீழ இருக்கற கிராங்க் கேஸ் பம்பு மாதிரி வேலை செய்யுது. பிஸ்டன் மேல போகும்போது கீழ வெற்றிடம் உண்டாகி கார்புரேட்டர்லேருந்து (காத்தையும் பெட்ரோலையும் கலக்கற பாகம்) காத்தும் பெட்ரோலும் உள்ள வருது, பிஸ்டன் கீழ இறங்கும்போது அந்தக் கலவை அமுங்கி பக்கவாட்டு வழியா சிலிண்டருக்குள்ள ஏறுது. எஞ்சினுக்கு வேண்டிய ஆயிலும் அந்தப் பெட்ரோல்லயே கலந்துதான் வருது, தனியா ஆயில் சம்ப் எதுவும் கிடையாது. இப்போ கிராங்க் கேஸ்ல எங்கயாவது சின்னதா கசிவு இருந்தா கார்புரேட்டர் வழியா வராத காத்து உள்ள நுழையுது, கலவைல பெட்ரோல் குறையுது, கூடவே ஆயிலும் குறையுது. சூடு ஏறும், அலுமினியம் பிஸ்டன் விரியும், வழவழப்பும் இல்லாம சிலிண்டர்ல போய் உரசும். எக்ஸாஸ்ட், அதாவது புகை வெளியேறற பக்கம்தான் ரொம்ப சூடா இருக்கும்ங்கறதால கீறல் பெரும்பாலும் மொதல்ல அங்கதான் விழும்.

அதனாலதான் சொல்றேன், பழைய மெஷின்ல இரும்பு சீக்கிரம் சாகறதில்ல, ரப்பர்தான் சாகுது. கிராங்க் ஷாஃப்டோட ரெண்டு முனைலயும், ஒண்ணு ஃப்ளைவீலுக்குப் பின்னாடி இன்னொண்ணு கிளட்சுக்குப் பின்னாடி, ஷாஃப்ட்ட சுத்திப் பிடிச்சு கசிவத் தடுக்கற ரப்பர் வளையம், ஆயில் சீல், இருக்கும், அது வருஷக்கணக்கா சும்மா கிடந்தாலே இறுகிடும். ஆக்ஸிலேட்டர விட்ட பிறகும் எஞ்சின் வேகம் குறையாம கத்திக்கிட்டே இருக்கு, மெஷின சாய்ச்சா ஐட்லிங் (ஆக்ஸிலேட்டர் தொடாதப்போ ஓடற வேகம்) ஏறி இறங்குதுன்னா பெரும்பாலும் எங்கயோ காத்து வாங்குது. இதுக்கு டெஸ்ட் இருக்கு. எக்ஸாஸ்டையும் இன்டேக்கையும் ரப்பர் ஷீட் வெச்சு அடைச்சுட்டு பிளக் ஓட்டை வழியா ஒரு 7 பிஎஸ்ஐ (டயர் காத்துக்குச் சொல்ற அதே அழுத்த அளவு) காத்து ஏத்தி நிக்குதான்னு பாக்கணும், இறங்கினா சோப்புத் தண்ணி தடவினா குமிழி காட்டிக் கொடுக்கும். நிறைய பேர் இதோட நிறுத்திடறாங்க, ஆனா வேக்கம் டெஸ்டும், அதாவது உள்ள இருக்கற காத்த உறிஞ்சி வெற்றிடம் நிக்குதான்னு பாக்கறதும், கண்டிப்பா வேணும். ஏன்னா சீலோட உதடு உள்பக்கம் பாத்து இருக்கும், உள்ளேருந்து அழுத்தினா அது ஷாஃப்ட்டோட இன்னும் இறுக்கமா ஒட்டிக்கும், வெளியேருந்து காத்து இழுக்கும்போதுதான் இறுகிப்போன உதடு தூக்கிக்கிட்டு வழி விடும். பிரஷர்ல பாஸ் ஆகி வேக்கம்ல ஃபெயில் ஆகற சீல்தான் பிஸ்டனத் தின்னும்.

சீல மாத்த கிளட்சக் கழட்டணும், அது பெரும்பாலான மெஷின்ல இடதுகை மரை, அதாவது வழக்கமா இறுக்கற பக்கம் திருப்பினாத்தான் கழலும். பிஸ்டன நிறுத்தி வைக்க இரும்பு எதையும் விடாதீங்க, பிஸ்டன் எக்ஸாஸ்ட் ஓட்டைய மூடற அளவுக்கு மேல வந்ததும் பிளக் ஓட்டை வழியா கயித்த மடிச்சு உள்ள விட்டா போதும்.

அடுத்தது கார்புரேட்டர், எனக்கு இந்த மெஷின்லயே ரொம்பப் பிடிச்ச பாகம் இதான். ஆரம்பத்துல வந்த பெரிய ரெண்டு ஆள் ரம்பங்கள்ல மிதவை வெச்ச கார்புரேட்டர் இருந்துச்சு, சாய்ச்சா பெட்ரோல் சரியா வராது, அதனால எஞ்சின நேரா வெச்சுக்கிட்டு செயின் சுத்தி ஓடற நீளத் தகட்ட, அதாவது 'பார்'ஐ, மட்டும் திருப்பற மாதிரி செஞ்சிருந்தாங்க. டயாஃப்ரம் கார்புரேட்டர் வந்த பிறகுதான் எந்தப் பக்கம் சாய்ச்சாலும் ஓடற, ஒரே ஆள் தூக்கற ரம்பம் பரவுச்சு. 1949ல வந்த மெக்கல்லாக் 3-25ங்கற ரம்பம் வெறும் 25 பவுண்டு, அதாவது சுமார் 11 கிலோ. இந்தக் கார்புரேட்டர்ங்கற சின்ன டப்பாக்குள்ள ரெண்டு மெல்லிய சவ்வு இருக்கு, அதுதான் டயாஃப்ரம். ஒண்ணு கிராங்க் கேஸோட அழுத்த ஏத்த இறக்கத்த வாங்கி அதிர்ந்து டேங்க்லேருந்து பெட்ரோல இழுக்குது. இன்னொண்ணு எஞ்சின் எவ்வளவு உறிஞ்சுதோ அதுக்கேத்த மாதிரி வளைஞ்சு ஒரு குட்டி லிவர அமுக்கி ஊசி வால்வத் திறக்குது. புவியீர்ப்ப நம்பி எதுவுமே இல்ல. இந்தச் சவ்வு விரல்ல தொட்டா சத்தமில்லாம வளையணும், மொறுமொறுன்னு சத்தம் கேட்டா செத்துப்போச்சு, கிட் வாங்கி மாத்துங்க, கூடவே பெட்ரோல் ட்யூபையும். எத்தனால் கலந்த பெட்ரோல்ல பழைய ரப்பர் இன்னும் சீக்கிரம் கெடும். ஜெட் ஓட்டைல, அதாவது பெட்ரோல் அளவா வர்ற குட்டி ஓட்டைல, கம்பி விட்டு நோண்டாதீங்க, ஓட்டை கொஞ்சம் பெருசானாக்கூட அளவு மாறிடும்.

கரண்ட் வரலன்னா பயப்பட வேண்டாம், இதுல பேட்டரியே கிடையாது. ஃப்ளைவீல்ல இருக்கற காந்தம் காயிலக் கடக்கும்போது அதுல மின்சாரம் ஓடுது, சரியான நொடில பாயிண்ட் (ஸ்விட்ச் மாதிரி ஒட்டிப் பிரியற ரெண்டு உலோக முனை) பிரியுது, ஓடிக்கிட்டிருந்த மின்சாரம் பட்டுன்னு அறுந்து காந்தப்புலம் சரியுது, அந்தச் சரிவுதான் காயில்ல இருக்கற ரெண்டாவது கம்பிச் சுருள்ல ஆயிரக்கணக்கான வோல்ட்ட உண்டாக்குது. சும்மா கிடந்த பாயிண்ட்ல ஒரு மெல்லிய படலம் படிஞ்சிருக்கும், அது போதும் ஸ்பார்க்க நிறுத்த. நைஸ் உப்புத்தாள்ல லேசா தேய்ச்சு, அப்புறம் சுத்தமான அட்டைத் துண்ட நடுவுல விட்டு இழுத்துட்டு, இடைவெளிய சுமார் 0.4 மில்லிமீட்டர் வெச்சாலே பல மெஷின் ஸ்பார்க் குடுத்துடும். பாயிண்ட்ல ரொம்ப தீப்பொறி பறக்குதுன்னா கண்டென்சர மாத்துங்க.

ஆயில் விகிதம் பத்தி ஒரு வார்த்தை. பழைய லேபிள்ல 16:1ன்னு, அதாவது 16 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்னு, போட்டிருக்கும், அது அந்தக் காலத்து ஆயிலுக்குச் சொன்னது. இன்னைக்கு நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில்ல 32:1 தாராளமா போதும்னு நான் நினைக்கிறேன். ஆயில் ஜாஸ்தி ஊத்தினா பாதுகாப்புன்னு நம்பறவங்க ஒண்ணக் கவனிக்கணும், ஆயில் கூடக் கூட அதே ஜெட் வழியா வர்ற பெட்ரோல் குறையுது.

ட்யூனிங் காதாலதான். ஃபுல் ஆக்ஸிலேட்டர்ல, லோடு இல்லாம, சத்தம் கொஞ்சம் உடைஞ்சு கரகரன்னு வரணும், மரத்துல வெச்சதும் அது தெளிஞ்சு ஒரே சீரா ஓடணும். அந்தக் கரகரப்பு வர்றது பெட்ரோல் கொஞ்சம் கூடுதலா போய் சில சுற்றுல எரியாம விடறதால. லோடு இல்லாமலே கீச்சுன்னு சுத்தமா கத்தினா பெட்ரோல் பத்தல, உடனே கார்புரேட்டர்ல இருக்கற ஹெச் ஸ்க்ரூவ (ஃபுல் வேகத்துல போற பெட்ரோல் அளவ மாத்தறது) கொஞ்சம் திறந்து விடுங்க.

செயின விட்டா பாவம். 1946ல ஜோசப் காக்ஸ்னு ஒரு மரவெட்டி, ஒரு வண்டுப்புழு மரத்த இடமும் வலமுமா தாடையால செதுக்கித் தின்னறதப் பாத்துதான் இன்னைக்கு இருக்கற செதுக்குப் பல் செயின உருவாக்கினாரு, அதுக்கு முன்னாடி இருந்தது கீறிக் கீறி அறுக்கற பல்லு. அதனால ஒவ்வொரு பல்லும் ஒரு குட்டி இழைப்புளி, முன்னாடி இருக்கற மேடுதான் எவ்வளவு ஆழம் செதுக்கணும்னு முடிவு பண்ணுது. பல்ல மட்டும் அரம் போட்டு அந்த மேட்ட விட்டுட்டா தூள்தான் பறக்கும், சீவல் வராது. மேட்ட ரொம்ப இறக்கிட்டா மெஷின் பிடுங்கும்.

பிடுங்கறதப் பத்தி சீரியஸா சொல்லணும். பாரோட நுனில மேல்பாதி எதுலயாவது பட்டா ரம்பம் உங்க முகத்தப் பாத்து எகிறும். இன்னைக்கு இருக்கற செயின் பிரேக் பழைய மெஷின் பலதுல கிடையாது, அதிர்வ உறிஞ்சற ரப்பரும் கிடையாது, அதனால நுனிய எதுலயும் பட விடாதீங்க, காலத் தள்ளி நில்லுங்க, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவ கைக்கு ஓய்வு குடுங்க. நிறைய மாடல்ல பாருக்கு ஆயில் நீங்கதான் கட்டைவிரலால அமுக்கி விடணும், மறந்தா பாரும் செயினும் நீலமா வெந்துடும். முதல் டேங்க் தீர்ந்ததும் ஆற விட்டு சைலன்சர மறுபடி கழட்டி பிஸ்டனப் பாருங்க, புதுசா கோடு எதுவும் இல்லன்னா ரெண்டாவது டேங்க் ஊத்தலாம்.