மண் வீட்டுக்குள் எலி வரும் வழிகள்

மண் சுவர் என்றாலே எலி குடைந்துவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. நன்றாக மிதித்துக் குழைத்து, இடைவெளி விடாமல் எழுப்பி, முழுதாகக் காய்ந்த 30 செ.மீ. சுவரை எலி குடைந்து வருவது அரிது. அது சுவர் வழியாக வருவதில்லை. சுவர் இன்னொரு பொருளைத் தொடும் இடத்தில்தான் வருகிறது: கதவு நிலையின் ஓரம், உத்திரம் உட்காரும் குழி, குழாய் போகும் துளை, சுவரின் தலைக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கும் சந்து. இயற்கை முறை வீடுகளில் எலித் தொல்லை என்று நாங்கள் பார்க்கப் போகும் இடங்களில் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றுதான் காரணமாக இருக்கிறது.

மண் காயும்போது சுருங்கும். பக்கத்தில் நிற்கும் மரச்சட்டம் அந்த அளவுக்குச் சுருங்காது. அதனால் பூச்சு காய்ந்ததும் நிலையை ஒட்டி மேலிருந்து கீழாக ஒரு விரிசல் விழும். பார்வைக்குக் கோடு மாதிரிதான் தெரியும், ஆனால் சுண்டெலிக்கு 6 மி.மீ. அகலம் இருந்தாலே போதும். வளரும் பருவத்து எலிக்கு 12 மி.மீ. போதும். கையில் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு வீட்டை உள்ளும் புறமும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பென்சில் நுழைகிற எந்தச் சந்தையும் விட்டுவைக்கக் கூடாது.

இந்த விரிசலைத் தவிர்க்க, கட்டும்போதே நிலைச்சட்டத்தின் பக்கவாட்டில் நீளவாக்கில் ஒரு காடி (பள்ளம்) எடுத்து, மண் அதற்குள் இறங்கும்படி அடைக்க வேண்டும். சட்டத்தில் ஆணிகளைப் பாதி அடித்து விட்டுவைப்பதும் மண்ணைப் பிடித்து நிறுத்தும். முதல் பூச்சு முழுதாகக் காய்ந்து, விரிசல் தன் வேலையை முடித்த பிறகுதான் இரண்டாம் பூச்சு. அவசரப்பட்டு ஈரத்தின் மேலேயே பூசினால் அதே இடத்தில் மறுபடியும் பிளக்கும். கடைசியாக அந்த இணைப்பின் மேல் ஒரு மரச்சட்டத்தை அறைந்து மூடிவிடலாம்.

வைக்கோல் கட்டுகளால் எழுப்பும் சுவரில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். தானியம் நீங்கிய வைக்கோல் எலிக்கு உணவு இல்லை. சரியாகப் போரடிக்காமல் கதிரில் மணி தங்கிய வைக்கோல்தான் எலியை அழைக்கிறது. கட்டு வாங்கும்போதே ஒன்றிரண்டைப் பிரித்து உதறிப் பாருங்கள். மணி உதிர்ந்தால் அந்தச் சரக்கு வேண்டாம். கயிறு தளர்ந்த கட்டையும் ஒதுக்குங்கள், ஏனென்றால் உள்ளே இடம் இருந்தால் கூடு வந்துவிடும். இருபுறமும் 25 முதல் 35 மி.மீ. கனத்துக்கு வைக்கோலோடு ஒட்டிய பூச்சு இருந்தால் எலிக்கு வழி கிடையாது. ஆனால் பூச்சு வேலை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பொய்க்கூரை வரும் உயரத்தோடு கொத்தனார் கரணையைக் கீழே வைத்துவிடுவார். மேலே தெரியாத இடம்தானே, படிக்கட்டுக்குப் பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள், அலமாரி மறைத்துவிடும் என்று விடப்படும் அந்த ஒரு முழ உயர வெற்று வைக்கோல்தான் வாசல். எலி அங்கே இறங்கினால் கீழ்வரை சுரங்கம் போடும், வெளியே ஒரு தடயமும் தெரியாது. பொய்க்கூரை போடுவதற்கு முன்பே சுவரின் தலைவரை, தலையின் மேற்பரப்பையும் சேர்த்து, ஒரு கை பூசி முடித்துவிட வேண்டும். பூச்சில் மாவுக் கஞ்சி சேர்க்கும் வழக்கம் இருந்தால், எலியும் கரப்பானும் உள்ள இடத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது.

எந்த வலை, எங்கே

கண் அளவு 6 மி.மீ., கம்பி சுமார் 1 மி.மீ. கனம், துத்தநாகப் பூச்சுள்ள வெல்டு மெஷ். இதைவிடப் பெரிய கண்ணோ மெல்லிய கம்பியோ உள்ள எதையும் வாங்காதீர்கள். கோழிவலையின் அறுகோணக் கண்ணில் சுண்டெலி சாதாரணமாகப் புகுந்துவிடும். பிளாஸ்டிக் கொசுவலையை எலி கடித்துவிடும். காற்றுத் துளைகள், கூரையோரச் சந்துகள், வேய்ந்த கூரையின் அடிப்புறம் எல்லாவற்றுக்கும் இந்த வலையே. ஓரங்களை ஆணியால் தொங்கவிட்டால் போதாது. சுவர்ப் பூச்சுக்குள் குறைந்தது 5 செ.மீ. புதைய வேண்டும்.

தரைக்குக் கீழே தோண்டி வரும் இனங்களுக்கு வேறு ஏற்பாடு. கல்லும் சாந்துமாக 45 செ.மீ. உயர அடிப்பீடம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கற்களுக்கு இடையே சாந்து முழுதாக இறங்கியிருக்க வேண்டும். வெறும் கல்லடுக்காக விட்டால் அதுவே வளையாகிவிடும், பின்னால் தேளும் பாம்பும் குடிவரும். மண் இளகலான இடத்தில், அடிப்பீடத்தை ஒட்டி 60 செ.மீ. ஆழத்துக்கு அதே வலையை இறக்கி, அடியில் 30 செ.மீ. வெளிப்பக்கமாக மடித்துப் புதையுங்கள். எலி சுவரை ஒட்டியே தோண்டும். வலை தடுத்தால் பின்வாங்கி, தள்ளிப் போய்த் தோண்டத் தெரியாமல் அதே இடத்தில் முட்டிக்கொண்டு விட்டுவிடும். மடிப்பு உள்பக்கமாக இருந்தால் பயனில்லை.

கூரைக்கு ஏறும் எலி மரக்கிளை வழியாகவும் கொடி வழியாகவும் வரும். கிளைகளைக் கூரையிலிருந்து 2 மீட்டர் தள்ளி வெட்டிவிடுங்கள். கதவின் அடிச்சந்து 6 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். மரக்கதவின் கீழ்விளிம்பில் தகடு அடித்தால் கொறிக்க முடியாது.

ஏற்கெனவே குடியேறிவிட்டால்

வெளித்துளை ஒவ்வொன்றிலும் கசக்கிய காகிதத்தை லேசாகச் செருகி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் எது தள்ளப்பட்டிருக்கிறதோ அதுதான் ஓடும் வழி. மற்றதை முதலில் அடையுங்கள். அடைக்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். சுண்ணாம்புச் சாந்து இறுகப் பல நாள் ஆகும். அதற்குள் எலி அதைப் பறித்துப் போட்டுவிடும். ஆகவே துளைக்குள் முதலில் செம்பு வலையையோ துருப்பிடிக்காத எஃகு நாரையோ சுருட்டி இறுக்கித் திணித்து, அதன் மேல்தான் சாந்து. சாதாரண இரும்பு நார் மண்ணின் ஈரத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். தெளித்து உப்பவைக்கும் நுரையை மட்டும் நம்ப வேண்டாம், எலி அதைக் கொறித்துக்கொண்டே போய்விடும்.

உள்ளே இருப்பவற்றைப் பொறி வைத்தே பிடியுங்கள். பொறி சுவருக்குச் செங்குத்தாக, இரை இருக்கும் முனை சுவரைத் தொட்டபடி இருக்க வேண்டும். பெரிய எலி புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்கும். இரையை மட்டும் வைத்து, பொறியை ஏற்றாமல் சில நாள் தின்னவிட்டு, பிறகு ஒரே இரவில் எல்லாப் பொறிகளையும் ஏற்றுங்கள். சுண்டெலிக்கு அந்தப் பொறுமை தேவையில்லை.

விஷம் வைக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறோம். இரத்தம் உறையாமல் செய்யும் மருந்தைத் தின்ற எலி சாகச் சில நாட்கள் ஆகும். அது சுவருக்குள்ளேயோ கூரைக்குள்ளேயோ போய்ச் செத்தால் மண் சுவரை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அந்த எலியைத் தின்னும் ஆந்தையும் பூனையும் சேர்ந்து சாகக்கூடும். எலியைக் குறைத்துவந்த துணையையே இழந்துவிடுவீர்கள்.

புழுக்கையை உலர்ந்தபடி கூட்டாதீர்கள். தூசியோடு நோய்க்கிருமி மூக்கில் ஏறும். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள்.

கரையானும் மூங்கில் வண்டும்

கரையான் மரம், வைக்கோல் போன்ற இரையைத் தேடித்தான் மண்ணிலிருந்து ஏறுகிறது. அடிப்பீடத்தின் மேல் தகடு விரித்து, அதன் ஓரத்தை 5 செ.மீ. வெளியே நீட்டிக் கீழ்நோக்கி மடித்துவிட்டால், அது கட்டும் மண்குழாய் கண்ணுக்குத் தெரியும்படி வெளியே வந்தாக வேண்டும். தகடு கரையானைக் கொல்லாது, காட்டிக்கொடுக்கும். மாதம் ஒரு முறை குனிந்து பார்க்காதவருக்கு அது வீண் செலவு. பூச்செடி வைக்கிறேன் என்று சுவரோரம் மண் அணைத்தால் தகடு மூடிப்போகும்.

மூங்கிலில் கணுவுக்கு அப்பால் திறந்து கிடக்கும் முனை எலிக்கும் குளவிக்கும் ஆயத்த வீடு. கணுவை ஒட்டி வெட்டுங்கள், முடியாவிட்டால் மரக்கட்டையால் அடையுங்கள். கீழே மாவு போல் தூள் உதிர்ந்தால் வண்டு இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மூங்கிலில் உள்ள மாவுச்சத்துதான் உணவு. மூன்று வயது தாண்டிய மூங்கிலை வெட்டி, நீண்ட கம்பியால் உட்கணுக்களைத் துளைத்து, 100 லிட்டர் தண்ணீருக்கு 3 கிலோ வெண்காரமும் (போராக்ஸ்) 2 கிலோ போரிக் அமிலமும் கரைத்த தொட்டியில் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை முழுதாக அமிழ்த்தி, நிழலில் உலர்த்த வேண்டும். இந்த உப்பு மழையில் கரைந்து போய்விடும். அதனால் கூரையின் நிழலுக்குள் நிற்கும் மூங்கிலுக்கு மட்டுமே இது காப்பு. மிஞ்சிய கரைசலை அடுத்த தொகுதிக்கு வைத்துக்கொள்ளலாம். செடிகளுக்கு ஊற்றினால் பட்டுப்போகும், குழந்தைகளும் ஆடுமாடுகளும் வாய் வைக்காதபடி தொட்டியை மூடியே வையுங்கள்.