விழித்திருக்கும் மரம்: எபிரேய வேதத்தில் வாதுமை

எருசலேமுக்கு வடகிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஆனதோத் என்னும் ஊரைச் சேர்ந்த எரேமியா, யூதா நாட்டு அரசன் யோசியாவின் 13-ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ கி.மு. 627-இல், இறைவாக்கினராக அழைக்கப்பட்டார். என்ன காண்கிறாய் என்று கேட்கப்பட்டபோது, வாதுமை மரத்தின் கிளை ஒன்றைக் காண்பதாக அவர் சொன்னார். தம் வார்த்தையை நிறைவேற்ற விழித்திருப்பதாகக் கடவுள் மறுமொழி கூறினார். தமிழில் படிப்பவருக்கு இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பு புலப்படுவதில்லை. எபிரேயத்திலோ அது சொல்லிலேயே இருக்கிறது. வாதுமை 'ஷாகேத்', விழித்திருப்பவர் 'ஷோகேத்'. உயிர்க்குறிகள் இல்லாத பழைய எழுத்துமுறையில் இரண்டும் அதே மூன்று மெய்யெழுத்துகளாகவே எழுதப்படுகின்றன.

இங்கே வாதுமை என்பது நாம் கடையில் வாங்கும் பாதாம்; நம் கடற்கரை ஊர்களில் அகன்ற இலைகளோடு நிழல் தரும் நாட்டு வாதுமை வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. யூதேயா மலைநாட்டில் பிற மரங்கள் இலையின்றி நிற்கும் ஜனவரி இறுதியிலும் பிப்ரவரியிலும், தனக்கும் இலை வருமுன்பே பாதாம் மரம் பூத்துவிடுகிறது. விழிப்பைச் சுட்டும் சொல் இந்த மரத்துக்குப் பொருந்தியதற்கு இதைவிட நல்ல காரணம் தேட வேண்டியதில்லை என்றே எண்ணுகிறேன்.

இந்த விழிப்பு நிகழும் விதம் வியப்புக்குரியது. அடுத்த ஆண்டுக்கான பூமொட்டுகள் முந்தைய கோடையிலேயே உருவாகத் தொடங்கி, இலையுதிர் காலத்தில் உறக்கநிலைக்குச் செல்கின்றன. அப்போது மொட்டுகளில் வளர்ச்சியைத் தடுக்கும் அப்சிசிக் அமிலம் மிகுந்திருக்கும். உறக்கத்தைக் காக்கும் சில மரபணுக்களும் முனைப்பாகச் செயல்படும். அதனால்தான் டிசம்பரில் இடையே ஒருநாள் வெயில் காய்ந்தாலும் மொட்டு ஏமாந்து விரிவதில்லை. உறைநிலைக்கு மேலும் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழும் உள்ள குளிர் மணிக்கணக்கில் சேரச் சேர, அம்மரபணுக்களின் செயல்பாடு படிப்படியாக அடங்குகிறது. அமிலத்தின் அளவு குறைந்து, வளர்ச்சியைத் தூண்டும் ஜிப்பரெலின்கள் மேலோங்குகின்றன. இவ்வாறு குளிர்க்கணக்கு நிறைந்த பிறகும் மொட்டு உடனே விரியாது; ஓரளவு வெப்பமும் சேர வேண்டும். பாதாமுக்கு இவ்விரண்டு தேவைகளுமே குறைவு. பல ஆப்பிள் வகைகள் 1,000 மணி நேரத்தை ஒட்டிய குளிரை எதிர்பார்க்கும்போது, பெரும்பாலான பாதாம் வகைகளுக்குச் சில நூறு மணி நேரமே போதுமானது. முந்திப் பூப்பதால் பனியில் பூக்கள் கருகும் ஆபத்து உண்டு. ஆனால் மழையற்ற நெடுங்கோடை வருமுன் காயை வளர்த்துக்கொள்ள அதற்குக் காலம் கிடைக்கிறது.

அவ்வேதத்தின் எண்ணாகமம் என்னும் நூலில் வரும், மோசேயின் அண்ணனும் குருவுமான ஆரோனின் கோலை இந்த அறிவோடு படித்தால் அற்புதத்தின் அளவு தெளிவாகும். குலத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கோல்கள், இஸ்ரயேலரின் வழிபாட்டிடமான ஆசரிப்புக் கூடாரத்தில் வைக்கப்பட, மறுநாள் ஆரோனின் கோல் மட்டும் துளிர்த்து, பூத்து, வாதுமைக் காய்களையும் தாங்கி நின்றது. குளிர்க்கணக்கு முடிந்த பாதாம் கிளையை வெட்டி நீரில் வைத்தால், தண்டில் சேமித்த மாவுச்சத்தைக் கொண்டு அது பூக்கக்கூடும். ஆனால் பூவிலிருந்து முற்றிய காய்வரை மரத்துக்கு ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். அத்தனை மாதங்களையும் அக்கதை ஓர் இரவுக்குள் அடக்குகிறது. கூடாரத்தின் பொன் விளக்குத்தண்டிலும் இதே மரம்தான்: ஆறு கிளைகளில் மும்மூன்றும் நடுத்தண்டில் நான்குமாக, வாதுமைப் பூ வடிவில் 22 கிண்ணங்கள்.

பிரசங்கி என்னும் நூலின் 12-ஆம் அதிகாரத்திலோ, வாதுமை பூக்கும் காட்சி முதுமையைப் பற்றிய வரிகளுக்கிடையே வருகிறது. நரைத்த தலை என்றே உரையாசிரியர் பலர் அதற்குப் பொருள் கொண்டனர். மொட்டில் இளஞ்சிவப்பாக இருக்கும் இதழ்கள் விரிந்தபின் வெளுத்துப்போக, இலையே இல்லாத கிளைகளில் அந்த வெண்மை மட்டும் நிறைந்திருக்கும்.